நானே வைத்துக்கொள்ளும் பொட்டு

என் கண்ணாடி மேசையில் இருக்கும் சாமான்களில் பாதி கடையில் வாங்கின உருவத்தில் இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மூடியில் எம்-சீல் வைத்து ஒட்டிய ஒரு காது இருக்கிறது. சீப்பின் பிடியில் சைக்கிள் ஹேண்டில் ரப்பர். பவுடர் பஃபின் முதுகில் உள்பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கில் ஒரு பட்டை. குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், பின்னால் ரப்பர் வைத்த ஒரு பென்சில். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரோ பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனது என்று நினைத்து அதை எடுத்து ஓரமாக வைக்கப் பார்ப்பார்கள். அது என் பொட்டுக் குச்சி.

எனக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டிருக்கிறது. பைக்கின் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும்போது சேலை முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இது புதிய கதை இல்லை, துப்பட்டாவிலும் முந்தானையிலும் கழுத்து முறிந்தவர்களை வார்டிலேயே பார்த்திருக்கிறேன். என் ஃபைலில் சி6 என்று எழுதியிருக்கும். அதற்கு அர்த்தம் இதுதான்: தோளைத் தூக்க முடியும், முழங்கையை மடக்க முடியும், மணிக்கட்டை மேலே நிமிர்த்த முடியும். முழங்கையை நீட்டுகிற தசைக்கு மூளையின் சொல் போய்ச் சேருவதில்லை. விரல்கள் தாமாக மடங்கவும் மாட்டா, நீளவும் மாட்டா. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டால் தெரியும். சுண்டுவிரல் பக்கம் தெரியாது.

உங்கள் கையை மேசைமேல் தளர்வாகப் போட்டு, மணிக்கட்டை மட்டும் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும், கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் விரியும். எல்லோர் கையிலும் நடக்கிற விஷயம்தான். தசைநாண்கள் இழுபடுவதால் வருகிற பிடி அது, டெனோடிசிஸ் என்று பெயர். உங்களுக்கு வேறு பிடிகள் இருப்பதால் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்கு இருப்பது இந்தப் பிடி ஒன்றுதான். இதை வைத்து ஒரு பென்சிலைப் பிடிக்கலாம், இட்லித் துண்டை எடுக்கலாம், ரூபாய் நோட்டை நீட்டலாம். ஆனால் எதையும் திருக முடியாது, பிதுக்க முடியாது, கிழிக்க முடியாது. ஃபேன்சி ஸ்டோரில் தொங்குகிற, அடுக்கியிருக்கிற பொருள்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றைக் கேட்கிறவை.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த விஷயம்தான். மையும் பவுடரும் முகத்தில் ஏறுவதற்கு என் கை ஒரு தடையாக இல்லை. மூடிதான் தடை.

எங்கள் ஊர் குடிபாலா. சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஆந்திரா முடிவதற்குக் கொஞ்சம் முன்னால். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனபோது நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். ரேஷன் கார்டு தெலுங்கில், வீட்டுப் பேச்சு தமிழில். மாற்றுத்திறனாளிச் சான்று என்றால் ஆந்திர அரசின் சதரம் முகாமுக்குப் போகவேண்டும், உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலூருக்கு பஸ் ஏறவேண்டும். அடிபட்ட பிறகு நான் உட்காரவும், சாப்பிடவும், சக்கர நாற்காலியை உள்ளங்கை அடியால் தள்ளவும் கற்றுக்கொண்டது வேலூர் பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு மையத்தில். 1966இல் தொடங்கியது அது. டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1954இல் ஒரு வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் போனது, முகத்திலும் பலத்த காயம். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் வளர்த்த வேலை அது, நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டுவது. விரல் மடங்காத கைகளைப் பற்றி இவ்வளவு யோசித்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அங்கே அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், எங்கள் பேச்சில் ஓ.டி. அக்கா, ஒருவர் என் முன்னால் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். தண்டுவடம் அடிபட்டவர்கள் எதையெல்லாம் தாமாகச் செய்கிறார்கள் என்று மதிப்பெண் போடுகிற ஸ்கிம் என்கிற படிவம். சாப்பாடு, குளியல், உடை, அதற்கு அடுத்து ஒரு வரி: கை முகம் கழுவுவது, பல் தேய்ப்பது, தலை வாருவது, சவரம், ஒப்பனை. ஆமாம், ஒப்பனை என்று அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். “மை வைப்பீங்களா?” என்று அக்கா கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

கேட்டதெல்லாம் வேறு மாதிரி. ஒரு காதுகுத்து விசேஷத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர், “இந்த நிலைமையில உனக்கு எதுக்கும்மா மையும் பொட்டும், மனசுல தைரியம் இருந்தா போதாதா” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அண்ணி பக்கத்தில் இருந்தார். அவர் பிறந்தது தெலுங்கு வீடு, தமிழை எங்கள் வீட்டுக்கு வந்துதான் கற்றார். “அவங்களுக்கும் தைரியம் இருக்குது, பொட்டும் இருக்குது” என்று சொல்லிவிட்டு என் முந்தானையைச் சரி செய்தார்.

சரி, பொட்டுக்கு வருகிறேன்.

ஸ்டிக்கர் பொட்டு எனக்கு ஆகாது. அட்டையிலிருந்து நகத்தால் நெம்பி எடுக்கவேண்டும், எடுத்ததை விரல் நுனியில் ஒட்டவைத்து நெற்றிக்குக் கொண்டுபோகவேண்டும், அதற்குள் அது கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் பழைய வழிக்குப் போனேன். எங்கள் பாட்டி நெற்றியில் முதலில் மெழுகை ஒரு புள்ளி வைப்பார், அதன்மேல் குங்குமம், சாயங்காலம் வரை அசையாது. மெழுகுக்குப் பதில் நான் வாசலைன் வைக்கிறேன், ஆள்காட்டி விரலால் தொட்டு. அப்புறம் பென்சில். அதன் பின்னால் இருக்கிற ரப்பர், நடுத்தரப் பொட்டின் அளவுக்கு, கச்சிதமான வட்டம். மணிக்கட்டைத் தூக்கிப் பென்சிலைப் பிடித்து, ரப்பர் முனையைக் குங்குமத்தில் ஒற்றி, நெற்றியில் வாசலைன் இருக்கிற இடத்தில் ஒரே ஒரு அழுத்து. எடுத்தால் வட்டமாக, ஓரம் கலையாமல் பொட்டு. ஸ்டிக்கர் வைத்தாலும் இவ்வளவு வட்டமாக இருக்காது. சிறிய பொட்டு வேண்டும் என்றால் பென்சிலுக்குப் பதில் காது குடையும் பஞ்சுக் குச்சி.

அழுத்துவதற்குக் கை நெற்றி வரை போகவேண்டுமே. அங்கேதான் முழங்கை விஷயம் வருகிறது. நீட்டுகிற தசை இல்லாததால், கையைத் தலைக்கு மேலே தூக்கினால் முன்கை மடிந்து என் மூக்கிலேயே விழும். ஓ.டி. அக்கா சொன்னது எளிய வழி: “கை தலைக்குப் போகலைன்னா, தலை கைக்கு வரட்டும்.” முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு முகத்தைக் குனிந்து கொண்டுவரவேண்டும். அதற்கு மேசை உயரம் சரியாக இருக்கவேண்டும், நாற்காலியின் கைப்பிடி அடியில் நுழையவேண்டும், முழங்கை வழுக்கக் கூடாது. என் மேசைமேல் ஒட்டியிருப்பது சமையலறை ஷெல்ஃபில் விரிக்கிற, வழுக்காத ரப்பர் பாய். கண்ணாடியைச் சுவரில் மாட்டவில்லை, மேசைமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். நின்றுகொண்டு பார்க்கிறவர்களுக்காக மாட்டிய கண்ணாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு உச்சந்தலை மட்டும்தான் தெரியும்.

மை வைப்பதும் இப்படித்தான், கை அசையாது, முகம் அசையும். திருகித் திருகி மேலே ஏற்றுகிற காஜல் குச்சியை முயற்சி செய்தேன். மூடியைப் பல்லால் இழுத்து, திருகுவதற்கும் பல்லையே வைத்து, கடைசியில் குச்சி தேவைக்கு மேல் வெளியே வந்து உடைந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கூரான பொருளைப் பிடியில்லாத கையால் கொண்டுபோவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது டப்பி மைதான். டப்பியின் மூடியை அழுத்தி மூடுவதே இல்லை, மேலே சும்மா வைப்பதோடு சரி. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, முழங்கையை ஊன்றி, விரலை ஒரே இடத்தில் நிறுத்தி, முகத்தை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்புவேன். கீழ் இமை ஓரத்தில் கோடு விழுந்துவிடும். அந்த விரலில் உணர்வு இருப்பதால்தான் இது முடிகிறது. உணர்வு இல்லாதவர்கள் கண்ணருகே இதைச் செய்யக் கூடாது.

பவுடருக்குப் பழைய காலத்து டப்பா நல்லது. வாய் அகலமான டப்பா, உள்ளே பஃப், பஃபின் முதுகில் ஒரு சாட்டின் நாடா. நாடாவுக்குள் விரல்களை நுழைத்தால் பிடிக்கவே வேண்டாம், பஃப் கையோடு வரும். யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் எவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறார்! இப்போது வரும் பஃப்களில் பாதிக்கு நாடா இல்லை, நான் எலாஸ்டிக் தைக்கச் சொன்னது அதனால்தான். மேல்மூடியைத் திருகித் துளைகளைத் திறக்கிற நீள டப்பாக்களில் இருப்பதை அண்ணி மாதம் ஒருமுறை இந்த அகல டப்பாவில் கொட்டி வைத்துவிடுவார்.

எண்ணெய் பாட்டில் மூடிக்குக் காது வைத்தது அண்ணன். எம்-சீல் இரண்டு களிமண்ணையும் சேர்த்துப் பிசைந்தால் கையில் எந்த உருவமும் பிடிக்கும், பிறகு கல்லாக இறுகிவிடும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். மூடியின் இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல வைத்துவிட்டால், உள்ளங்கை ஓரத்தால் தள்ளியே மூடி சுழலும். சீப்புக்கு சைக்கிள் ரப்பர் வருவதற்கு முன்னால், ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய் மேல் சுற்றுகிற கறுப்பு ஃபோம் குழாயில் ஒரு துண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பிடிக்கச் சுகமாக இருந்தது, ஆனால் எண்ணெய் குடித்து நாறிவிட்டது. பல்துலக்கும் பிரஷ்ஷுக்கும் ஸ்பூனுக்கும் அதே ஃபோம் நன்றாக உழைக்கிறது. முடியைப் பின்னுவது மட்டும் என்னால் ஆகாது, அதை அண்ணி செய்கிறார். எல்லாவற்றையும் நானே செய்யவேண்டும் என்கிற வீம்பு எனக்கு இல்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கிளம்புகிற வைகாசி முதல் நாளில் எங்கள் வீடு விடியுமுன் எழுந்துவிடும். பிள்ளைகளுக்குத் தலை வார, அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க, கட்டுச்சாதம் கட்ட எல்லாவற்றுக்கும் அண்ணி ஒருவர். அன்றைக்கு என் முகத்தை நானே பார்த்துக்கொண்டால், எனக்கு எவ்வளவு நிம்மதியோ அவ்வளவு அவருக்கும்.

ஷாம்பு சாஷே பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உலகத்தில் எங்கெங்கோ பேசப்படுகிற அந்தச் சின்னப் பாக்கெட் வியாபாரம் வளர்ந்தது நம் கடலூரில். சின்னிகிருஷ்ணன் என்கிறவர் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவோடு தனியாகத் தொழில் தொடங்கினார், இன்றைய கவின்கேர் அதிலிருந்து வந்தது. பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கு ஷாம்பு போனது அந்தப் பாக்கெட்டால். எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுதான், பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்குவதிலிருந்து ஒன்று கிழித்து வாங்கி, பாதியை அம்மாவும் மீதியை நானும் போட்டுக்கொண்ட காலம் உண்டு. அதனால் சாஷேவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காசு இல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்த அதே பாக்கெட், விரல் இல்லாதவர்களுக்கு அடைத்துவிட்டது. ஈரக் கையால் ஓரத்தைக் கிழிப்பது நல்ல கை உள்ளவர்களுக்கே வழுக்கும். என் போன்றவர்கள் பல்லால் கிழிப்போம், வாய்க்குள் ஷாம்பு போகும். ஒரு பக்கம் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒற்றைக் கையால் கிழிக்கவே முடியாது. மூலையில் விரலை மாட்டி இழுக்க ஒரு வளையமோ துளையோ வைத்தால் போதும். என் கட்டைவிரலால் அதை நானே இழுத்துவிடுவேன்.

இப்போதைக்கு என் பதில் பம்ப் பாட்டில். மேலே உள்ளங்கை அடியாலோ முன்கையாலோ அமுக்கினால் வரும். புதிதாக வாங்கும்போது பூட்டியிருக்கிற பம்பை ஒருமுறை யாராவது திருகித் திறந்து கொடுத்தால் பாட்டில் தீரும்வரை வேறு உதவி வேண்டாம். அடியில் வழுக்காத பாய் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டில் காலியானால் பெரிய கேனிலிருந்து நிரப்பிக்கொள்கிறோம், செலவும் கட்டுப்படியாகிறது.

வெளிநாட்டு நிறுவனங்கள் சில இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. டெரி பிரையன்ட் என்கிற அமெரிக்க ஒப்பனைக் கலைஞருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது, தூரிகை பிடித்த கை நடுங்கியது. அவர் தொடங்கிய கைட் பியூட்டி நிறுவனத்தின் பொருள்கள் 2020இல் விற்பனைக்கு வந்தன, ஐலைனர், மஸ்காரா போன்றவற்றில் விரல் சாய்த்துக்கொள்ள வளையமோ தாங்கலோ வைத்திருந்தார்கள். யூனிலீவர் 2021இல் டிகிரி இன்க்ளூசிவ் என்று ஒரு டியோடரன்ட்டைக் காட்டியது. ஒரு கையாலேயே கொக்கியில் தொங்கவிட்டுத் திறக்கலாம், மூடி காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். லோரியல் 2023 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஹாப்டா என்கிற கருவியை அறிமுகம் செய்தது. கை நடுங்கினாலும் சாப்பாடு சிந்தாமல் இருக்கச் செய்த ஸ்பூனின் தொழில்நுட்பத்தை லிப்ஸ்டிக்குக்குக் கொண்டுவந்தது அது. உள்ளே இருக்கும் மோட்டார்கள் நடுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அசைந்து முனையை நிலையாக வைக்கும்.

இவற்றில் என்னை அதிகம் தொட்டது ஹாப்டா இல்லை. மின்சாரமும் மோட்டாரும் வேண்டிய கருவி சிலருக்குப் பெரிய வரம்தான், ஆனால் எனக்கு நடுக்கம் இல்லை, எனக்கு இல்லாதது பிடி. என்னைத் தொட்டது முகக் கிரீம் விற்கிற ஓலே நிறுவனம் செய்த வேலை. 2021இல் அவர்கள் முகக் கிரீம் டப்பாவுக்கு ஒரு மூடி செய்தார்கள். இரண்டு பக்கமும் இறக்கை, விளிம்பில் விரல் பிடிக்கப் புடைப்பு, மேலே பிரெய்லில் முகக் கிரீம் என்று எழுத்து. முக்கியமான விஷயம், அந்த வடிவத்தை மற்ற நிறுவனங்களும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று வெளிப்படையாகக் கொடுத்துவிட்டார்கள். அந்த மூடியின் படத்தைப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் எண்ணெய் பாட்டிலில் எம்-சீலால் செய்ததும் அதுவும் ஒரே யோசனை. பிளாஸ்டிக் அச்சில் ஒருமுறை இறக்கையைச் செதுக்கிவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மூடிக்கும் ஆகிற கூடுதல் பிளாஸ்டிக் ஒரு கடுகளவுதான். சென்னையைச் சுற்றி மூடி அச்சடிக்கிற பட்டறைகள் நிறைய இருக்கின்றன. மனசு வைத்தால் ஆகிற வேலை.

இது என் போன்ற சிலருக்கான விஷயம் என்று நினைக்க வேண்டாம். நகரியில் இருக்கிற என் சின்னம்மாவுக்கு முடக்குவாதம். வீட்டில் விசைத்தறி, வாழ்நாள் முழுக்க நூல் முடிச்சுப் போட்ட கை. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரம் ஆனாலும் இறுக்கம் விடாது. மதியம் திறக்கிற அதே கிரீம் டப்பா காலையில் அவருக்குத் திறக்காது. “ராத்திரியே மூடியைத் தளர்த்தி வெச்சிட்டுப் படுப்பேன்டி” என்று சொல்வார். கரிகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிற தொழுநோய் குணமானவர்களில் விரல் மடங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சூடும் கூர்மையும் தெரியாது என்பதால் இன்னும் கவனம் வேண்டும். தீக்காயத்தில் விரல் ஒட்டியவர்கள், இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கை மெலிந்தவர்கள், ரேசர் பிடிக்க முடியாத ஆண்கள் என்று எல்லோரும் அதே ஃபேன்சி ஸ்டோர் வாசலில்தான் நிற்கிறோம்.

பியூட்டி பார்லர் விஷயம் கொஞ்சம் கசப்பானது. படியேறிப் போகவேண்டிய மாடியில் ஒரு பார்லர். அண்ணன் தூக்கிக்கொண்டு போனார். புருவம் எடுக்கும்போது நெற்றித் தோலை ஒரு கையாலும் இமையை ஒரு கையாலும் வாடிக்கையாளரே இழுத்துப் பிடிக்கவேண்டும், பார்லர் போகிற எல்லோருக்கும் தெரியும். என்னால் முடியாது என்று சொன்னதும் அந்தப் பெண் அண்ணியைப் பார்த்து, “இவங்களுக்கு வேண்டாமே, வலிக்கப்போவுது” என்றார். கழுத்துக்கு மேலே எனக்கு எல்லா வலியும் தெரியும், எல்லாரையும் போலத் தாங்கவும் தெரியும். அதை என்னிடமே கேட்டிருக்கலாம். அண்ணி தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார், வேலை முடிந்தது. இரண்டாவது ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டால் தீர்கிற பிரச்சினை அது, பார்லரில் வேலை கற்கிற பெண்கள் எப்போதும் ஒருவராவது நிற்கிறார்கள்.

மருதாணி வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரியவேண்டும். என் கையைப் போன்ற கையில், நான் முதலில் சொன்ன அந்தப் பிடி வேலை செய்வதற்கு விரல் நாண்கள் கொஞ்சம் இறுகியே இருக்கவேண்டும். உள்ளங்கையில் டிசைன் போட வசதியாக, மணிக்கட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு விரல்களையும் தலையணைமேல் தட்டையாக அழுத்தி நீட்டினால் நாண் தளர்ந்துவிடும். அடிக்கடி அப்படிச் செய்தால் பிடி போய்விடும். பென்சிலும் போகும், இட்லியும் போகும். விரலை நீட்டவேண்டும் என்றால் மணிக்கட்டை முதலில் கீழே தொங்கவிடுங்கள், விரல்கள் தாமாக விரியும், அப்போது வையுங்கள். அப்புறம், வேக்ஸ், ஆவி, முடி நேராக்கும் இரும்பு எதுவாக இருந்தாலும் உணர்வில்லாத தோலுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் முன் உங்கள் கையில் சூடு பாருங்கள். எங்களுக்குச் சுட்டால் நாங்கள் கத்தமாட்டோம், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

வளையலில் எனக்கு ஒரு வசதி. கை தளர்ந்து குவிந்துகொள்வதால் சின்ன அளவும் சுலபமாக ஏறும். கண்ணாடி வளையல் மட்டும் நாற்காலிச் சக்கரத்தில் பட்டு உடைந்து மணிக்கட்டைக் கிழிக்கும், உட்கார்ந்த இடத்தில் இருக்கிற நாளில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். திருகாணித் தோடு போட்டுவிட்டால் கழற்றுவதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 43ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கான நுகர்பொருள்கள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வடிவமைப்பில் உருவாக, தயாராக, கடைக்கு வர அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சொல்கிறது. கட்டடத்துக்கு சரிவுப்பாதை கேட்கிறோம், பஸ்ஸுக்குத் தாழ்தளம் கேட்கிறோம், அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நுகர்பொருள் என்றால் ஷாம்பு பாக்கெட்டும் அதில் வரும், பவுடர் டப்பாவும் வரும். என் மேசை மேல் இருப்பவை எல்லாம் அண்ணனும் அண்ணியும் நானும் யோசித்து ஒட்டியவை. அப்படி ஒட்டிக்கொடுக்க ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த மூடி கடையிலிருந்தே சரியாக வந்து சேரவேண்டும்.

சித்தூரில் நான் வாங்குகிற ஃபேன்சி ஸ்டோர் அண்ணன் இப்போது ஒரு காரியம் செய்கிறார். புதிதாக எது வந்தாலும் சாம்பிளைக் கடைக்கு வெளியே, என் நாற்காலிக்கே கொண்டுவந்து, “தொறந்து பாரும்மா” என்று கொடுத்துவிடுவார். திறந்தால் வாங்குவேன், திறக்காவிட்டால் வேறு. தட்டினால் திறக்கிற ஃபிளிப் மூடி, மேலே அமுக்குகிற பம்ப், காந்த மூடி கொண்ட காம்பாக்ட், உருண்டையான பெரிய மூடி இவை எனக்குத் திறக்கும். அடியைத் திருகுவது, இரண்டு பக்கம் அமுக்கிக்கொண்டே திருகுவது, தகடு உரிப்பது இவை திறக்காது. உங்களுக்கு எது திறக்கும் என்பது உங்கள் கையைப் பொறுத்தது, வாங்கும் முன் கடையிலேயே திறந்து பாருங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

என் பஃபில் இருப்பதுபோல, கையில் மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் பட்டை தைக்கிறவர்களுக்கு அளவு சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களின் அடியில் உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். எலாஸ்டிக் இரண்டு விரல் அகலம் இருந்தால் அறுக்காது. தைத்த பிறகு அடியில் ஒரு விரல் நுழைகிற தளர்வு வேண்டும். உள்ளங்கைப் பக்கம் பிரஷ்ஷோ சீப்போ நுழைக்க அதே எலாஸ்டிக்கில் ஒரு சின்னப் பை வைத்துத் தைக்கலாம், தையல் முடிச்சு வெளிப்பக்கம் வரட்டும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் பட்டை இறுக்கம், பிரித்துத் தளர்த்தித் தைக்கவேண்டும்.